கல்லீரலில் 5 சதவீதம் கொழுப்பு: எதில் 5 சதவீதம்?

முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு வந்தவர்கள் பலருடைய ஃபைலிலும் அந்த ஒரு வரி இருக்கும்: ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’. ரிப்போர்ட்டை வாங்கியவர் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு கொழுப்பு சார் இருக்கு?” டாக்டர் “கொஞ்சம்தான். வெயிட்டைக் குறைங்க, இனிப்பைக் குறைங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவர் மழுப்புகிறார் என்று நினைக்க வேண்டாம். அந்த வரியைத் தந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கொழுப்பை அளக்கவே இல்லை. பக்கத்தில் இருக்கும் சிறுநீரகத்தைவிடக் கல்லீரல் திரையில் வெளுப்பாகத் தெரிகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. எவ்வளவு வெளுப்பு என்பது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது.

மருத்துவப் புத்தகங்களில் என்னவோ தெளிவாக ஓர் எண் இருக்கிறது: 5 சதவீதம். கல்லீரலில் அதற்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் நோய். சரி, எதில் 5 சதவீதம்? வேதியியல் ஆய்வகத்தில் கேட்டால், கல்லீரலின் எடையில் என்பார்கள். பேத்தாலஜிஸ்டைக் கேட்டால், மைக்ரோஸ்கோப்பில் தெரியும் நூறு கல்லீரல் செல்களில் ஐந்து என்பார். எம்.ஆர்.ஐ. இயற்பியல் தெரிந்தவரோ, தண்ணீரிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் சேர்ந்து வரும் ஹைட்ரஜன் சிக்னலில் கொழுப்பின் பங்கு என்பார். மூவரும் பேசுவது ஒரே நோயைப் பற்றித்தான். அளப்பது மூன்று வெவ்வேறு சங்கதிகளை. ஒருவருடைய 66, இன்னொருவருடைய 22 ஆக இருக்க முடியும்.

இது வெறும் கல்விப்புலச் சர்ச்சை அல்ல. எந்த மருந்து வேலை செய்கிறது, யாருடைய கல்லீரலை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தலாம், இந்தியர்களில் எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம், எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

குளோரோஃபார்மும் மெத்தனாலும்

அளவுமுறைகளில் மூத்தது, கொழுப்பைக் கரைத்து வெளியே எடுத்து எடைபோடுவது. பாலில் உள்ள கொழுப்பை அளப்பதற்காக 1879-இல் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடிக் கருவியை அமைத்தார். ஈதரைச் சூடாக்கி ஆவியாக்கி, மேலே குளிரவைத்து, மாதிரியின்மீது திரும்பத் திரும்பச் சொட்டவிடும் ஏற்பாடு அது. உணவுப் பரிசோதனைக் கூடங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிஸ்கட்டுக்கும் புண்ணாக்குக்கும் அது சரிப்படும். கல்லீரலுக்குப் போதாது. செல் சவ்வுகளில் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும் கொழுப்பை ஈதர் மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துவிடாது.

வழி சொன்னவர் கல்லீரல் நிபுணர் அல்ல, மூளையை ஆராய்ந்தவர். பார்சிலோனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜோர்டி ஃபால்ச், பாஸ்டனை அடுத்த மெக்லீன் மனநல மருத்துவமனையில் மூளையின் கொழுப்புகளைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். 1957-இல் அவரும் லீஸ், ஸ்லோன் ஸ்டான்லி ஆகிய இருவரும் சேர்ந்து வெளியிட்ட முறைதான் இன்றுவரை உரைகல். 2014-இல் ‘நேச்சர்’ இதழ் எடுத்த கணக்கில், உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட அறிவியல் கட்டுரைகளில் முதல் பத்துக்குள் அது இருந்தது. நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்புகள் பலவும் அந்தப் பட்டியலின் பக்கத்தில்கூட வரவில்லை. ஆய்வகத்தில் தினமும் கைக்கு உதவும் செய்முறைக்குத்தான் அங்கே மவுசு.

ஒரு கிராம் கல்லீரலுக்கு இருபது மில்லி கரைப்பான். அதில் குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு. மெத்தனால் புரதத்தின் பிடியைத் தளர்த்தும். குளோரோஃபார்ம் கொழுப்பை வாங்கிக்கொள்ளும். அரைத்து, வடிகட்டி, கொஞ்சம் உப்புத் தண்ணீர் சேர்த்துக் குலுக்கி வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். குழம்பில் எண்ணெய் மேலே மிதப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். குளோரோஃபார்ம் தண்ணீரைவிடக் கனம் என்பதால், கொழுப்பு அடியில் தங்கிவிடுகிறது. சர்க்கரை, உப்பு, அமினோ அமிலங்கள் எல்லாம் மேலடுக்குக்குப் போய்விடும். அடியடுக்கை மட்டும் உறிஞ்சியெடுத்து, நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதி உலர்த்துவார்கள். சாதாரணக் காற்றில் உலர்த்தினால் ஆக்சிஜன் பட்டுக் கொழுப்பு கெட்டுப்போகும். மிஞ்சுவதை எடைபோட்டால் கணக்கு கிடைத்துவிடும்.

ஃபால்ச் கட்டுரைக்கு இரண்டு வருடம் கழித்து, கனடாவின் ஹாலிஃபாக்ஸில் மீன்வள ஆய்வு நிலையம் ஒன்றில் பிளை, டயர் என்ற இருவர் இதையே மிகக் குறைந்த கரைப்பானில் செய்து காட்டினார்கள். அவர்கள் கையில் இருந்தது காட் மீனின் சதை. மீனில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரையும் கலவையின் ஒரு பங்காகச் சேர்த்துக்கொண்டதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். சிக்கனமான முறை என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் காட் சதையில் கொழுப்பு ஒரு சதவீதத்துக்குப் பக்கம்தான். 2 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள மாதிரிகளில் இந்த முறை குறைத்துக் காட்டும் என்று வெகுகாலம் கழித்தே சோதித்துப் பார்த்தார்கள். கொழுத்த கல்லீரலை அளக்கும் ஆய்வாளர் சிக்கனத்துக்கு ஆசைப்பட்டால், எதைத் தேடுகிறாரோ அதையே தவறவிடுவார்.

எடைபோட்டதோடு வேலை முடிவதில்லை. உலர்த்திய குப்பியில் இருப்பதெல்லாம் சேமிப்புக் கொழுப்பு அல்ல. செல்களின் சவ்வுகளே பாஸ்ஃபோலிப்பிட் என்ற கொழுப்பால் ஆனவை. ஆரோக்கியமான கல்லீரலில் கிடைக்கும் கொழுப்பில் பெரும்பகுதி அதுதான். நோயில் ஏறுவது டிரைகிளிசரைடு. இரண்டையும் பிரிக்க, சிலிகா பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் ஒரு சொட்டு வைத்து, ஹெக்சேன் கலந்த கரைப்பானில் நிறுத்துவார்கள். கரைப்பான் மேலே ஏற ஏற, டிரைகிளிசரைடு கூடவே ஏறிப்போகும். பாஸ்ஃபோலிப்பிட் வைத்த இடத்தைவிட்டு நகராது.

இன்று பல ஆய்வகங்களுக்கு இந்தப் பொறுமை இல்லை. இரத்தப் பரிசோதனையில் ‘டிரைகிளிசரைட்ஸ்’ எண்ணைத் தரும் அதே கிட்டைக் கல்லீரலுக்கும் பயன்படுத்துகிறார்கள். லைப்பேஸ் என்ற என்சைம் டிரைகிளிசரைடை உடைத்து கிளிசராலை விடுவிக்கும். இரண்டாவது என்சைம் கிளிசராலில் பாஸ்பேட்டைச் சேர்க்கும். மூன்றாவது அதை ஆக்சிஜனேற்றி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பெராக்சைடைக் கொண்டு நான்காவது என்சைம் ஒரு சாயத்தைச் சிவக்கவைக்கும். 500 நானோமீட்டருக்கு அருகில் ஒளியைச் செலுத்தி அந்தச் சிவப்பை அளந்தால் விடை வந்துவிடும். ஆக, இங்கே நேரடியாக அளக்கப்படுவது கொழுப்பு அல்ல, கிளிசரால். கரைப்பானில் பிரிக்காமல், அரைத்த கூழிலேயே கிட்டை ஊற்றிவிட்டால், அதில் தனியாகத் திரியும் கிளிசராலும் கொழுப்பின் கணக்கில் ஏறிவிடும். அதைக் கழிப்பதற்கென்றே, லைப்பேஸ் இல்லாத இன்னொரு குழாய் வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் அதை வைப்பதில்லை.

அடுத்த சிக்கல் வகுத்தலில். இத்தனை மில்லிகிராம் கொழுப்பு என்று வந்ததும், எதால் வகுப்பது? ஈரத் திசுவின் எடையால் வகுக்கலாம்; ஆனால் கொழுப்பு சேரச் சேர அந்த எடையும் ஏறும். புரதத்தால் வகுத்தால், கொழுத்த கல்லீரலில் ஒரு கிராமுக்கு உள்ள புரதம் குறைந்திருக்கும், அதனால் விகிதம் ஊதிக் காட்டும். செல்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக டி.என்.ஏ.வை வைக்கலாமென்றால், வீக்கமுள்ள கல்லீரலில் வெள்ளணுக்கள் வந்து குவிந்து அந்தக் கணக்கையும் குழப்பும். ஒரே எலியின் ஒரே கல்லீரலை மூன்று விதமாக வகுத்து மூன்று விதமான வித்தியாசத்தைக் காட்ட முடியும். ஆய்வுக் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது முடிவுரையை அல்ல, வரைபடத்தின் செங்குத்து அச்சில் எழுதியிருக்கும் அலகை.

இந்த வேதியியலின் உச்சம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். கல்லீரலில் உள்ள கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டார்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ள ஒன்பது நோயாளிகளுக்கு, கதிரியக்கமில்லாத கனமான கார்பனும் ஹைட்ரஜனும் பொதிந்த பொருள்களை நான்கு நாள் கொடுத்தார்கள். இரத்தத்தில் சுற்றும் கொழுப்பு அமிலத்துக்கு ஓர் அடையாளம், உணவுக் கொழுப்புக்கு வேறோர் அடையாளம், கல்லீரல் தானே புதிதாகத் தயாரிக்கும் கொழுப்புக்கு மூன்றாவது அடையாளம். பிறகு பயாப்ஸி எடுத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எந்த அடையாளம் எவ்வளவு என்று எண்ணினார்கள். 59 சதவீதம் இரத்தத்தில் சுற்றும் கொழுப்பு அமிலங்களிலிருந்து, அதாவது பெரும்பாலும் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து வந்தது. 26 சதவீதம் கல்லீரலே சர்க்கரை போன்றவற்றிலிருந்து தயாரித்தது. நேரடியாகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்தான். எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் திட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வெள்ளை ஓட்டைகள்

கரைப்பதற்கு அடுத்தது பார்ப்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பயாப்ஸித் துண்டை ஸ்லைடாக்குவதற்கு அதை ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைத்து மெழுகில் பதிப்பார்கள். இரண்டும் கொழுப்பைக் கரைப்பவை. எனவே ஸ்லைடு தயாராகும்போது கொழுப்பு போய்விட்டிருக்கும். பேத்தாலஜிஸ்ட் பார்ப்பது கொழுப்பு இருந்த இடத்தில் மிஞ்சிய வெள்ளை ஓட்டைகளை. செல்லின் உட்கருவையே ஓரத்துக்குத் தள்ளிவிட்ட பெரிய வட்ட ஓட்டை என்றால் சந்தேகம் வராது. பொடிப்பொடியான ஓட்டைகள் என்றால் அது கொழுப்பா, தண்ணீரா, கிளைக்கோஜனா என்று கண் தடுமாறும்.

கொழுப்பையே பார்க்க வேண்டுமென்றால் மெழுகைத் தவிர்த்து, திசுவை உறையவைத்துச் சீவ வேண்டும். மைனஸ் 20 டிகிரி அளவில் வைத்த கிரையோஸ்டாட்டில் பத்து மைக்ரான் பருமனுக்குச் சீவி, ஆயில் ரெட் ஓ சாயத்தில் வைப்பார்கள். இந்தச் சாயம் கொழுப்போடு எந்த வேதிவினையும் செய்வதில்லை. தான் கரைந்திருக்கும் ஆல்கஹாலைவிடக் கொழுப்பு அதற்குப் பிடித்த இடம். அங்கே போய் ஒளிந்துகொள்கிறது. துளித்துளியாகச் சிவப்பு. கழுவும்போது ஆல்கஹால் கொஞ்சம் கூடினாலும் கொழுப்பும் சாயமும் சேர்ந்தே ஓடிவிடும்.

ஆய்வகங்களில் புதிய மருந்துகளையும் மூலிகைச் சாறுகளையும் முதலில் சோதிப்பது இதே சாயத்தை வைத்துத்தான். அதற்கு உதவுவது ஹெப்-ஜி-2 என்ற செல் வகை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவனின் கல்லீரல் கட்டியிலிருந்து 1970-களில் எடுக்கப்பட்ட செல்களின் வழித்தோன்றல் அது. உலகெங்கும் கண்ணாடித் தட்டுகளில் இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறது. ஒலியிக் அமிலத்தையும் பால்மிடிக் அமிலத்தையும் மாட்டு ஆல்புமினில் ஏற்றி ஊற்றினால், ஒரு நாளில் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் நிறைந்துவிடும். சாயமேற்றி, பிறகு ஐசோபுரப்பனாலில் சாயத்தை மட்டும் கரைத்தெடுத்து நிற அடர்த்தியை அளப்பார்கள். ‘இந்த மூலிகை கல்லீரல் கொழுப்பை 40 சதவீதம் குறைத்தது’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் சில இந்தத் தட்டிலிருந்து கிளம்பியவை. தட்டில் உள்ள செல்லுக்கு வயிறும் கிடையாது, இன்சுலினும் ஊற்றினால்தான் உண்டு. சாறு ஊற்றியதில் பாதிச் செல்கள் செத்துக் கழன்று போயிருந்தாலும் சிவப்பு குறைந்துதான் தெரியும்.

மனிதர்களுக்கு வருவோம். ஊசியை உள்ளே செலுத்திக் கல்லீரல் துணுக்கை எடுக்கும் வேலையை ஒரே நொடிக்குச் சுருக்கியவர் இத்தாலியின் மெங்கினி. அந்தக் கட்டுரை வெளிவந்தது 1958-இல். அப்படி எடுக்கும் துணுக்கு கல்லீரலின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். பாரிஸில் 51 நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டிரண்டு துணுக்குகள் எடுத்து ஒப்பிட்டார்கள். 2005-இல் முடிவு வந்தது. கல்லீரலில் விழுந்த தழும்பின் நிலை, 41 சதவீதம் பேருக்கு இரண்டு துணுக்கிலும் ஒத்துப்போகவில்லை. கொழுப்பின் அளவு மட்டும் ஓரளவு ஒத்துப்போனது. அதாவது, உயிரைத் தீர்மானிக்கும் தழும்பில் ஏமாற்றும் பயாப்ஸி, கொழுப்பு விஷயத்தில் பரவாயில்லை.

ஆனால் அந்தக் கொழுப்பின் அளவு என்பது என்ன? அதே 2005-இல் வந்து இன்று உலகெங்கும் வழங்கும் மதிப்பெண் முறை இது: நூற்றில் ஐந்து செல்களுக்குக் குறைவாக ஓட்டை இருந்தால் பூஜ்யம், 33 வரை ஒன்று, 66 வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. இங்கே எண்ணப்படுவது கொழுப்புள்ள செல்களை. செல்லுக்குள் துளி பெரிதா சிறிதா என்பதற்குக் கணக்கில்லை. ‘70 சதவீதம் ஸ்டியாட்டோசிஸ்’ என்று ரிப்போர்ட் வந்ததும், கல்லீரலில் முக்கால்வாசி கொழுப்பாகிவிட்டது என்று அரண்டுபோகிற குடும்பங்கள் உண்டு. அதே ஸ்லைடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓட்டைகளின் பரப்பை மட்டும் கணக்கிடச் சொன்னால், எண் அதில் பாதிகூட வராது.

நடுராத்திரி ஸ்லைடு

இந்த எண்ணை நம்பி உயிரைப் பணயம் வைக்கிற ஒரே இடம் உறுப்பு மாற்று அறுவை. மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரல் கிடைக்கும்போது பெரும்பாலும் வேளைகெட்ட வேளையாக இருக்கும். பெறுபவர் வேறோர் ஆஸ்பத்திரியில் தயாராகிக்கொண்டிருப்பார். கல்லீரலைக் கண்ணால் பார்த்த சர்ஜனுக்கு மஞ்சள் தட்டுகிறது, ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன என்று சந்தேகம் வந்தால், சிறு துண்டை எடுத்து உறையவைத்துச் சீவி பேத்தாலஜிஸ்ட்டுக்கு அனுப்புவார். பெரிய துளிக் கொழுப்பு 30 சதவீதத்துக்குள் என்றால் தயக்கமில்லை. 60-ஐத் தாண்டினால் பெரும்பாலான குழுக்கள் ஒதுங்கிக்கொள்ளும். நடுவில் இருந்தால் வாக்குவாதம். கொழுத்த கல்லீரல் பனிக்கட்டிப் பெட்டியின் குளிரையும் மறுபடி இரத்தம் பாயும் அதிர்ச்சியையும் தாங்குவதில்லை. பொருத்திய பிறகு வேலையே செய்யாமல் போகலாம். போதாக்குறைக்கு, உறையவைக்கும்போது உண்டாகும் பனிக்கட்டித் துளைகளும் கொழுப்புத் துளைகள் போலவே இருக்கும். நல்ல கல்லீரலைத் தூக்கிப்போடவும் வாய்ப்புண்டு, கெட்டதை ஏற்கவும் வாய்ப்புண்டு.

உயிரோடிருந்து தானம் கொடுப்பவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. நம் நாட்டில் தந்தைக்கு மகனும் கணவனுக்கு மனைவியும் கல்லீரலில் பாதியைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. சி.டி. ஸ்கேனில் கல்லீரலின் அடர்த்தியிலிருந்து மண்ணீரலின் அடர்த்தியைக் கழித்துப் பார்ப்பார்கள். கொழுப்பு எக்ஸ்-ரேயைக் குறைவாகத் தடுப்பதால், கொழுத்த கல்லீரலின் எண் கீழே இறங்கும். வித்தியாசம் கல்லீரலுக்குச் சாதகமாக 5-க்கு மேல் இருந்தால் பச்சைக்கொடி. இல்லாவிட்டால், “ரெண்டு மாசம் நடங்க, எடையைக் குறைச்சுட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டு மறுபடி அளப்பார்கள். பலருக்கு அதற்குள் குறைந்தும்விடும். இவ்வளவு சீக்கிரம் கொழுப்பு ஏறி இறங்கும் உறுப்பு உடலில் வேறு அதிகம் இல்லை.

கடலை எண்ணெயும் காந்தமும்

ஒலியை வைத்து அளக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரண அல்ட்ராசவுண்ட், கொழுப்பு 20-30 சதவீதச் செல்களைத் தாண்டினால்தான் நம்பகமாகக் கண்டுபிடிக்கும். பாரிஸின் எக்கோசென்ஸ் நிறுவனத்தின் ஃபைப்ரோஸ்கேன் கருவி, ஒலி கல்லீரலுக்குள் போகப்போக எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று எண்ணாகவே தருகிறது. 248-க்கு மேல் போனால் கொழுப்பு, 280-க்கு மேல் நிறைய என்பது ஓர் உத்தேசம். அதே கருவி கல்லீரலின் விறைப்பையும் சொல்வது அதன் பெரிய லாபம். மீட்டருக்கு இத்தனை டெசிபெல் என்ற அந்த எண்ணைச் சதவீதம் என்று நினைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படுகிறது.

காந்தத்தின் கதைதான் நீளம். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் காந்தப்புலத்தில் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. வழக்கமான 1.5 டெஸ்லா கருவியில் நொடிக்கு ஏறக்குறைய 220 சுற்று வித்தியாசம். அதனால் 2.3 மில்லிசெகண்டில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்; 4.6 மில்லிசெகண்டில் மறுபடி ஒன்றுசேரும். இரண்டு கணத்திலும் படமெடுத்துக் கூட்டிக் கழித்தால் கொழுப்பு தனி, தண்ணீர் தனி. 1984-இல் தாமஸ் டிக்சன் இதை எழுதியபோது எளிய யோசனையாகத்தான் இருந்தது. துல்லியமான எண்ணாக்க இன்னும் இருபத்தைந்து வருடம் பிடித்தது. கல்லீரலில் இரும்பு சேர்ந்திருந்தால் சிக்னல் மங்கிக் கணக்கைக் கெடுக்கும். கொழுப்பின் ஹைட்ரஜனும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை, பல வேகங்களில் சுழல்கிறது.

கணக்கு சரியா என்று பார்க்க, எவ்வளவு கொழுப்பு என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு செயற்கைக் கல்லீரல் வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அகார் ஜெல்லில் தண்ணீரையும் எண்ணெயையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து குப்பிகளில் அடைத்தார்கள். கடையில் எத்தனையோ எண்ணெய் இருக்க, அவர்கள் எடுத்தது கடலை எண்ணெய். மனிதக் கல்லீரல் கொழுப்பின் காந்தச் சாயலுக்கு மிக நெருங்கியது அதுதான். இன்று உலகின் மருந்து ஆய்வுகளில் எம்.ஆர்.ஐ. தரும் கொழுப்பு எண்ணுக்குப் பின்னால் அந்தக் கடலை எண்ணெய்க் குப்பிகள் நிற்கின்றன.

எம்.ஆர்.ஐ. எண்ணையும் ஸ்லைடு மதிப்பெண்ணையும் சேர்த்துவைத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. பேத்தாலஜிஸ்ட் ‘மூன்று’ என்று மதிப்பிடுகிற, அதாவது 66 சதவீதச் செல்களுக்கு மேல் கொழுப்பு உள்ள கல்லீரலைப் பிரித்தறியும் எல்லை, எம்.ஆர்.ஐ.யில் 22.1 சதவீதம். ‘இரண்டு’ என்பது 17.4-லும், ‘ஒன்று’ என்பது 6.4-லும் தொடங்கின. பயாப்ஸி செய்துகொண்டு 70 என்று கேட்டவர், ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ.யில் 23 என்று கேட்டால் துள்ளிக் குதிக்கத் தேவையில்லை. ஒன்றும் மாறியிருக்காமல் இருக்கலாம்.

புத்தகத்தில் இருக்கும் 5 சதவீதத்துக்கு உறுதியான அடித்தளம் போட்டதும் காந்தம்தான். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நடந்த டல்லஸ் இதய ஆய்வில், 2,349 பேரின் கல்லீரல் கொழுப்பை எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி முறையில் அளந்தார்கள். அவர்களில் குடிப்பழக்கமோ பருமனோ சர்க்கரைநோயோ இல்லாத 345 பேரைத் தனியே எடுத்து, அவர்களில் 95 சதவீதம் பேர் எந்த எண்ணுக்குக் கீழே வருகிறார்கள் என்று பார்த்தார்கள். 5.56 என்று வந்தது. ஒரு கிராம் கல்லீரலுக்கு ஏறக்குறைய 55 மில்லிகிராம் டிரைகிளிசரைடு. அந்த அளவுகோலில் டல்லஸ்வாசிகளில் மூன்றில் ஒருவருக்குக் கொழுப்புக் கல்லீரல். அவர்களில் 79 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம் இயல்பாகவே இருந்தது. ‘எல்.எஃப்.டி. நார்மல்’ என்று நிம்மதியாகப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எண்ணாக அளந்ததால் இன்னொரு லாபமும் கிடைத்தது. அதே டல்லஸ் மக்களின் மரபணுக்களை இந்த எண்ணோடு பொருத்திப் பார்த்தபோது, 2008-இல் பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம் சிக்கியது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களின் கல்லீரலில் கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல். ‘கிரேடு 1, கிரேடு 2’ என்ற கண்மதிப்பீட்டை வைத்து இதைப் பிடித்திருக்க முடியுமா என்பது சந்தேகம்.

ஒல்லியான இந்தியர்

நம் பக்கத்துக் கணக்கு எப்படி? சென்னையில் நடந்த நகர்ப்புற ஆய்வொன்றில் 541 பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்து, 32 சதவீதம் பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் என்று 2009-இல் சொன்னார்கள். இந்தியா முழுவதும் வந்த ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் வெளியான தொகுப்பு, பெரியவர்களில் 38.6 சதவீதம் என்றது. பெரும்பாலானவை அல்ட்ராசவுண்ட் கணக்குகள் என்பதை மறக்கக் கூடாது. தொடக்கநிலைக் கொழுப்பு அதன் கண்ணில் படாது.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் 1,911 பேரைப் பரிசோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 8.7 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேரின் பி.எம்.ஐ. 25-க்குக் கீழே. பலர் தொப்பைகூட இல்லாதவர்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை இன வாரியாக ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியில் அளந்தபோதும் (2006), ஒல்லியான இந்திய வம்சாவளி ஆண்களின் கல்லீரலில் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு கொழுப்பு இருந்தது. ஆளைப் பார்த்து எடைபோடும் பழக்கம் இங்கே வேலைக்கு ஆகாது. பி.எம்.ஐ., இடுப்பளவு, டிரைகிளிசரைடு, ஜி.ஜி.டி. நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ‘ஃபேட்டி லிவர் இண்டெக்ஸ்’ என்ற சூத்திரம் இத்தாலியர்களை வைத்து உருவானது. அதில் பாதி கனம் பருமனுக்கே போகிறது என்பதால், பீர்பூமின் விவசாயக் கூலியை அது எளிதாகத் தவறவிடும்.

எண் இறங்கினால் நல்லதா?

மருந்து நிறுவனங்களுக்கு எம்.ஆர்.ஐ. எண் ஒரு வரப்பிரசாதம். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெடிராம் மருந்தின் ஆரம்பச் சோதனையில், பன்னிரண்டே வாரத்தில் மருந்து எடுத்தவர்களுக்குக் கொழுப்பு 32.9 சதவீதமும், வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 10.4 சதவீதமும் குறைந்தது தெரிந்தது. பயாப்ஸியை நம்பியிருந்தால் இன்னும் பல மாதம் காத்திருக்க வேண்டும். வெறும் மாத்திரைக்காரர்களுக்கும் பத்து சதவீதம் குறைந்ததைக் கவனியுங்கள். ஆய்வில் சேர்ந்துவிட்டோமே என்று கொஞ்சம் ஒழுங்காகச் சாப்பிட்டாலே இந்த எண் அசைந்துவிடும்.

ஆளைக் கொல்வது கொழுப்பு அல்ல, அதைத் தொடர்ந்து விழும் தழும்பு. அதற்கான முதல் சல்லடை மிக மலிவானது. வயதை ஏ.எஸ்.டி. எண்ணால் பெருக்கி, தட்டணு எண்ணிக்கையையும் ஏ.எல்.டி. (அதுதான் எஸ்.ஜி.பி.டி.) எண்ணின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் வருவது ஃபிப்-4. 1.3-க்குக் கீழே என்றால் இப்போதைக்குக் கவலை குறைவு, 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் வந்தால் ஃபைப்ரோஸ்கேன். தேவையான மூன்று பரிசோதனைகளும் பெரும்பாலானவர்களின் ஃபைலில் ஏற்கெனவே இருக்கின்றன. யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். கொழுப்பைப் பற்றி ஃபிப்-4 ஒரு வார்த்தையும் சொல்லாது.

கொழுப்பு எண்ணில் இன்னொரு பொறி இருக்கிறது. தழும்பு முற்றி சிரோசிஸ் ஆகும்போது, கல்லீரலில் இருந்த கொழுப்பு தானாகவே கரைந்து மறையத் தொடங்கும். காரணம் தெரியாத சிரோசிஸ் என்று முன்பு எழுதப்பட்ட பலருக்கு, ஆதியில் இருந்தது கொழுப்புக் கல்லீரல்தான் என்று இப்போது கருதுகிறார்கள். பயாப்ஸி எடுத்த நேரத்தில் ஓட்டைகள் மிஞ்சியிருக்கவில்லை. எனவே, எம்.ஆர்.ஐ.யில் 18 ஆக இருந்தது 4 ஆகிவிட்டது என்று ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டினால், விவரம் தெரிந்த டாக்டர் உடனே கைகுலுக்குவதில்லை. எடை எத்தனை கிலோ குறைந்தது, இரண்டு தடவையும் ஒரே கருவியில்தான் எடுத்தார்களா, விறைப்பு எத்தனை கிலோபாஸ்கல், தட்டணு எவ்வளவு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்கிறார்.